படத்தின்மேற் படம்

ஒரு சொற்றொடர் ஒருமுறையே எழுதப்பட்டு இருபொருள் தருமாயின் அதனைச் சிலேடை என்றும் இரட்டுறமொழிதல் என்றும் நம் இலக்கண நூலார் கூறுவர். ஒரு தாள் ஒருமுறையே அச்சிடப்பட்டு இரு காட்சி தருமாயின் அதனைக் கமராக்காரர் பன்முறை ஒளிகாட்டல் என்பர். ஒரே பிலிமின்மேல் இரண்டு அல்லது பல காட்சிகளின் ஒளியை அடுத்தடுத்து விழச்செய்து, அவை ஒன்றையொன்று ஊடுருவித் தோன்றுமாறு ஆக்குவது அக்கலை. இந்நாளில் அவ்விளைவைப் பெறுதற்குப் பிலிம் வேண்டுவதில்லை. தனித்தனியே எடுத்த படங்களைப் பின்னர்க் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கலந்தாற் போதும்.

தமிழாசிரியர்க்கு இத்துறையில் என்ன அலுவல் என அன்பர் சிலர் வினவக்கூடும். கருவியைக் கையாள அறிந்த மாணவர் நம்மிடையே பலர் உளர். எவ்விரண்டைக் கலத்தல் தகும், எதனைக் கலத்தல் தகாது என அறிந்தோர் சிலரே. முன்னது ஒரு கிழமையிற் பயிலத்தக்கது. பின்னது சிலேடையைப் பயின்றார்க்கு ஓரளவு எளிதிற் கைகூடும் என்பது எம் துணிபு. இது விழா மலராதலின், பழைய படங்களைப் புதிய படங்களோடு கலந்து பார்க்கும் ஆவல் இவ்வாண்டில் எழுதல் இயல்பு. அவ்வாவலுக்கு வழிகாட்டுதலும், ஓரிடத்தில் அதற்கு வரம்பு கட்டுதலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணினிக்குச் செல்லுமுன் பிலிமில் நிகழ்வதை அறிதல் நலம். பிலிமிலுள்ள வெள்ளியுப்புத் தன்மேல் விழும் ஒளியைக் கூட்டிக்கொண்டே செல்லும். கழித்தல் அதற்குத் தெரியாது. ஆதலின் ஒரே பிலிமுக்கு இருமுறை முழு ஒளியைக் காட்டினாற் படம் வெளிறிப்போம். காட்சி இரண்டாயின் ஒவ்வொன்றிற்கும் உரிய ஒளியிற் பாதியும், நான்காயிற் காற்பங்கும் கொடுத்தல் வேண்டும் என்பது பழைய கமராக்காரர் கைக்கொண்ட விதி.

இவ்விதிக்கு விலக்கும் உண்டு. கலையின் சுவை அவ்விலக்கிலேயே இருக்கின்றது. முதற் காட்சியிற் கறுப்பாக இருந்த இடம் ஒளி படாத இடம். அங்கே பிலிம் புதியது போலவே காத்திருக்கும். வெளுத்த வானத்தின் முன்னே நிற்கும் ஒருவரின் கரிய நிழலுருவை முதலிலும், இலை நிறைந்த ஒரு கிளையை அடுத்தும் எடுத்தால், கிளை வானத்தில் தோன்றாது. அவருருவத்தின் உள்ளே மட்டும் தோன்றும். வானம் முன்னரே ஒளியால் நிரம்பிவிட்டமையின் அங்கே மற்றொன்றுக்கு இடமில்லை. தலையினுள்ளே மரம் தழைத்தது போன்ற படங்களை நூல்களின் மேலட்டையிற் கண்டோர் அவற்றின் மருமத்தை இனி அறிவர்.

மறைத்தல் மற்றொரு வழி. வில்லையின் ஒரு பாதியை மறைத்து நடிகரை ஒருபுறம் நிறுத்தி எடுப்பர். பின் பிலிமைத் திரும்பச் சுற்றி, மறுபாதியை மறைத்து, அவரையே மறுபுறம் நிறுத்தி எடுப்பர், ஒருவர் இருவராவர். 1940இல் வெளிவந்த உத்தம புத்திரனில் பி. யு. சின்னப்பா இரட்டை வேடம் பூண்டார். 1958இல் அதே பெயரில் வந்த படத்திற் சிவாஜி கணேசன் பூண்டார். பின்னதைத் திரையிற் கண்டு வியந்தோர் பழைய மாணவரில் மூத்தோரிடையே இருத்தல் கூடும். இரட்டை வேடக் காட்சிகளுக்கு அக்காலத்திற் பெரிதும் துணைநின்றது இம்மறைப்பே.

மேற்கூறியவை யாவும் படம் எடுக்கும்பொழுதே நிகழ்வன. எடுத்தபின் கலத்தல் கணினியோடு பிறந்த வழக்கம் என்று இளையோர் எண்ணுவர். அவ்வாறன்று; அது படக்கலையின் இளமையிலேயே தோன்றியது. 1850களில் வழங்கிய ஒளியுணர் தட்டுகள் நீலநிற ஒளியை மிகையாக ஏற்றன. கடலுக்கு வேண்டிய ஒளியைக் காட்டினால் வானம் முகிலின்றி வெறுமையாகும். வானத்துக்கு வேண்டியதைக் காட்டினாற் கடல் இருண்டுபோம். பிரான்சு நாட்டுக் குஸ்தாவ் லெ கிறே, கடலுக்கு ஒரு நெகற்றிவும் வானத்துக்கு வேறொரு நெகற்றிவும் எடுத்து, அடிவானத்தில் இரண்டையும் பொருத்தி அச்சிட்டார். 1857இல் இங்கிலாந்தில் வாழ்ந்த ஒஸ்கார் றெயிலாண்டர் முப்பதுக்கு மேற்பட்ட நெகற்றிவ்களை ஒரே படமாக இணைத்து, ‘வாழ்வின் இருவழிகள்’ எனப் பெயரிட்டு மஞ்செஸ்ரர் கலைக் கண்காட்சியில் வைத்தார். நன்னெறியும் தீநெறியும் இருபுறமும் விரிய, நடுவே முதியவர் ஒருவர் இளைஞர் இருவரை அழைத்து வருவதாக அமைந்தது அப்படம். விக்ரோறியா மகாராணியார் அதன் ஒரு படியை விலைக்கு வாங்கினார்.

அடுத்த ஆண்டிலே ஹென்றி பீச் றொபின்சன் ஐந்து நெகற்றிவ்களை இணைத்து, நோயால் இறக்குந் தறுவாயிலுள்ள ஒரு சிறுமியையும் அவளைச் சூழ்ந்த குடும்பத்தாரையும் காட்டினார். உண்மையில் அச்சிறுமிக்கு நோய் எதுவும் இல்லை. ஓவியர் இதே காட்சியைத் தீட்டியிருந்தால் எவரும் குறை கூறியிரார். கமரா கண்டது நடந்தது என்று மக்கள் நம்பினர். ஒரு குடும்பத்தின் துயரத்தினுள் அத்துமீறி நுழைந்ததாகச் சிலர் வெகுண்டனர். அந்நம்பிக்கை இன்றும் முற்றும் அழிந்திலது. இதனை நெஞ்சில் இருத்துக, பின்னர் வேண்டப்படும்.

நம் நாட்டிலும் இத்துறையில் ஒருவர் சிறந்து விளங்கினார். கொழும்பிலே லயனல் வென்ற் அரங்குக்குச் செல்வோர் பலர், அப்பெயருக்குரியவர் ஒரு படக்கலைஞர் என்பதை நினைப்பதில்லை. 1900இற் பிறந்து 1944இல் மறைந்த அவர் சட்டம் பயின்றவர். பியானோ வாசிப்பில் வல்லவர். 43ஆம் குழு என்னும் ஓவியர் குழாத்தை நிறுவியோருள் ஒருவர். உழவர், மீனவர், நடனக்காரர் என நம் நாட்டு மக்களை அழகுற எடுத்த அவரே, இருட்டறையிற் பல படங்களை ஒன்றாக்கல், நெகற்றிவ்களை இணைத்து அச்சிடல், பாதி வளர்ந்த படத்துக்கு மீண்டும் ஒளிகாட்டி அதன் விளிம்புகளைத் திரித்தல் ஆகிய சோதனைகளையும் செய்தார். அவர் மறைவுக்குப் பின் 1950இல் வெளிவந்த படநூலை நூலகங்களிற் கண்டால் மாணவர் விடாது புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

அமெரிக்கராகிய ஜெரி உல்ஸ்மன் இருட்டறையில் உருப்பெருக்கிகள் பலவற்றை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு நெகற்றிவ் இட்டு, ஒரே தாளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்தி அச்சிட்டார். கமராவின் பொத்தானை அழுத்தியதோடு படம் முடிந்ததன்று, இருட்டறையிலும் படைப்புத் தொடரும் என்பது அவர் கொள்கை. 2022இல் மறையும்வரை அவர் புகழ் அவ்விருட்டறைப் படங்களாலேயே நின்றது.

இனிக் கணினி. 1984இல் தோமஸ் போற்றர், ரொம் டவ் என்னும் இருவர், படப்புள்ளி ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று எண்களோடு, அப்புள்ளி எவ்வளவு மறைக்கும் என்பதைக் கூறும் நான்காம் எண்ணையும் சேர்த்துப் படங்களைக் கலக்கும் கணிதத்தை வகுத்து வெளியிட்டனர். 1990இல் வெளிவந்த போட்டோஷொப் 1994இல் தன் மூன்றாம் பதிப்பில் லேயர் என வழங்கும் அடுக்குகளைக் கொண்டுவந்தது. விலை கொடுத்து வாங்க இயலாத மாணவர்க்கு ஜிம்ப் என்னும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கின்றது. இக்கட்டுரையிற் கூறும் யாவற்றுக்கும் அது போதும்.

அடுக்குகளைக் கலக்கும் முறைகள் பல. பட்டியலைக் கண்டு மாணவர் மருள்வர். ஐந்தினை அறிந்தாற் பெரும்பாலும் குறைவிராது. கணினி கறுப்பை 0 என்றும் வெள்ளையை 255 என்றும் எண்ணுகின்றது. கீழ்ப்படத்தில் ஒரு புள்ளி 200 என்னும் வெளிர்நிறச் சுவர். அதே இடத்தில் மேற்படத்தில் 100 என்னும் மங்கலான முகம் எனக் கொள்வோம். மேலடுக்கைப் பாதியளவு ஒளி ஊடுருவ விட்டால் இரண்டின் சராசரியாகிய 150 கிடைக்கும். பெருக்கல் என்னும் முறை இரண்டையும் பெருக்கி 255ஆல் வகுக்கும்; விடை 78. ஸ்கிறீன் என்னும் முறை வெள்ளையிலிருந்து குறைந்துள்ள அளவுகளாகிய 55ஐயும் 155ஐயும் பெருக்கி, 255ஆல் வகுத்து, வந்ததை 255இலிருந்து கழிக்கும், விடை 222. லைற்றன் என்பது பெரிய எண்ணாகிய 200ஐயும், டார்க்கன் என்பது சிறிய எண்ணாகிய 100ஐயும் அப்படியே எடுத்துக்கொள்ளும்.

இரண்டு ஸ்லைட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்து வெளிச்சத்தை நோக்கிப் பார்ப்பது பெருக்கல். கறுப்பு எங்கிருப்பினும் வழியை அடைக்கும். வெள்ளை மற்றதற்கு வழிவிடும். இரண்டு எறிகருவிகளின் ஒளியை ஒரே திரையில் விழச்செய்வது ஸ்கிறீன். அதன் பெயரே திரையென்னும் பொருளது. இங்கே வெள்ளை எதனையும் ஏற்காது, கறுப்பு மற்றதை முழுதும் ஏற்கும். மேலே கூறிய நிழலுரு விளையாட்டைக் கணினியிற் செய்ய விரும்புவோர் ஸ்கிறீனைத் தெரிவாராக. கணக்கிலே 0ஐயும் 255ஐயும் இட்டுப் பார்த்தால் ஏன் என்பது உடனே விளங்கும். இருளில் அசையும் விளக்கையோ இரவில் நகரும் விண்மீன்களையோ பல படங்களாக எடுத்து ஒன்றாக்குதற்கு லைற்றன் ஏற்றது; இருள் எத்தனை முறை வந்தாலும் இருளாகவே நிற்கும், ஒளித்தடம் மட்டும் சேரும்.

கணக்கில் ஆர்வமில்லாதார் இப்பந்தியைத் தாண்டிச் செல்லலாம். படக்கோப்பிலுள்ள எண் ஒளியின் அளவோடு நேராக ஏறுவதன்று. 128 என்பது பாதி ஒளி எனத் தோன்றினும், வழக்கமான கோப்புகளில் அது முழு ஒளியின் ஏறத்தாழ 22 வீதமே. பாதி ஒளியைக் குறிக்கும் எண் 188. ஆதலின் எண்களைச் சராசரி காணும் கலப்பு, பிலிமிற் கிடைப்பதிலும் இருண்டு காணப்படும். ஒளியளவிலேயே கணக்கிடும் வசதியைச் சில மென்பொருள்கள் தருகின்றன. ஜிம்ப் 2018இல் வெளிவந்த 2.10 பதிப்பில் அதனைப் பெற்றது. பிலிமின் சாயல் வேண்டுவோர் அவ்வழியைப் பற்றுக.

பல படங்களைச் சமமாகக் கலக்க விரும்பும் மாணவர் பெரும்பாலும் இடறும் இடம் ஒன்றுண்டு. நான்கு அடுக்குகளில் அடியிலுள்ளது ஒழிந்த ஏனையவற்றை 50 வீதத்தில் வைத்தாற் சமமாகும் என அவர் எண்ணுவர். ஆகாது. மேலது பாதியைக் கொள்ளும், அடுத்தது எஞ்சிய பாதியிற் பாதியாகிய 25 வீதம், அடுத்தது 12.5; அடியிலுள்ளது எத்துணைச் சிறந்த படமாயினும் எஞ்சிய 12.5 வீதத்தோடு அமைய வேண்டியதே. சமமாக வேண்டின் அடியிலுள்ளதற்கு 100, இரண்டாவதற்கு 50, மூன்றாவதற்கு 33, நான்காவதற்கு 25, ஐந்தாவதற்கு 20 என, நூற்றை அடுக்கின் வரிசை எண்ணால் வகுத்துக் கொடுத்தல் வேண்டும். பன்னிரண்டாம் அடுக்குக்கு 8 வீதமே உரியது.

இக்கணக்கைக் கணினிக்கு நெடுங்காலம் முன்னரே ஒருவர் கையாண்டார். சார்ள்ஸ் டார்வினின் உறவினராகிய பிரான்சிஸ் கால்ற்றன் 1878இற் கூட்டுமுகப் படங்களைப் பற்றி எழுதினார். ஒரு படத்தைப் படியெடுக்க 80 செக்கன் வேண்டுமாயின், எட்டு முகப்படங்களைக் கண்ணுக்குக் கண் பொருத்தி, ஒவ்வொன்றுக்கும் 10 செக்கன் வீதம் ஒரே தட்டிற் பதிவுசெய்வது அவர் முறை. சிறைக் கைதிகளின் முகங்களை இவ்வாறு கூட்டினாற் குற்றவாளிக்குரிய முகக்குறி வெளிப்படும் என அவர் கருதினார். வெளிப்பட்டது வேறு. தனித்தனி முகங்களிலிருந்த கோணல்கள் கரைந்து, சாதாரணமான, பார்வைக்கு இனியதும் ஆன ஒரு மனித முகமே வந்தது. அதனைக் கண்டும் மனிதரைப் பிறப்பால் தரம் பிரிக்கும் கொள்கையை அவர் விட்டாரல்லர். 1883இல் அதற்கு ஒரு பெயரும் சூட்டினார். தட்டு அவருக்கு உரைத்த விடை, அவர் கேட்க விரும்பிய விடையினும் பெரிது என்றே யாம் கருதுகின்றோம்.

சராசரியின் இயல்பு இதனால் விளங்கும். பொதுவானது தங்கும், தனியானது கரையும். முக்காலியிலிருந்து அசையாது எடுத்த இருபது படங்களைச் சமமாகக் கலந்தால், ஒரே படத்தில் மட்டும் குறுக்கே நடந்தவர் இருபதில் ஒரு பங்காகிக் கண்ணுக்குப் புலப்படார். கோபுரம் நிற்கும், திருவிழாக் கூட்டம் புகையாகும். ஒரு மரத்தைச் சுற்றி நடந்து பல பக்கத்தினின்றும் எடுத்துக் கலந்தாலோ, அடிமரம் ஓரளவு உறுதியாகவும் கிளைகள் காற்றிலாடும் கோடுகளாகவும் வரும். இந்த மரப்பயிற்சியைத் தொடக்க மாணவர்க்கு யாம் விதந்துரைப்போம். அடிமரத்தைப் படத்தின் நடுவில் வைத்தலும், ஒரே தூரத்தைப் பேணுதலும் மறவாதிருந்தால் முதல் முயற்சியிலேயே பயன் கிட்டும்.

கருவி இவ்வளவே. இனி எவ்விரண்டைக் கலப்பது? காளமேகப் புலவர் பாம்பையும் எள்ளையும் ஒரு வெண்பாவிலும், யானையையும் வைக்கோலையும் வேறொரு வெண்பாவிலும் அடக்கினார். பாம்புக்கும் எள்ளுக்கும் உலகியலில் என்ன உறவு? யாதுமில்லை. புலவர் தேடியது உறவையன்று. இரண்டுக்கும் பொருந்தும் தொடர்களை. தொடர் பொருந்தியபின் உறவு தானே பிறந்துவிடுகின்றது. படத்தில் அத்தொடர் என்பது வடிவம். முதிய கையொன்றின் நரம்போட்டமும் ஆலமரத்து வேரோட்டமும் ஒரே திசையிற் செல்லுமாயின் அவை பொருந்தும். கரும்பலகையிற் பாதி அழிந்த வெண்கட்டிக் கோடுகளும் இரவு வானத்து விண்மீன்களும் பொருந்தும். அழகிய முகம் ஒன்று, அழகிய பூ ஒன்று என இரண்டையும் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தல், இரு செய்யுள்களை ஒரே தாளில் அச்சிட்டு இரண்டும் விளங்காமற் செய்தலை ஒக்கும். கண்காட்சிகளில் இத்தகைய படங்களே மலிந்து கிடக்கின்றன.

தண்டியலங்காரம் சிலேடையைச் செம்மொழி, பிரிமொழி என இரண்டாக வகுக்கும். சொல் நின்றபடியே நின்று இருபொருள் தருவது முன்னது. பிரித்து நோக்குழிப் பிறிதுபொருள் தருவது பின்னது. படக்கலப்பிலும் இப்பாகுபாடு செல்லும். இரு படங்களும் வெட்டின்றித் திருத்தமின்றி முழுதாகப் பொருந்துவது செம்மொழி. அதுவே அரிது, அதுவே உயர்வு. மாஸ்க் என்னும் மறைப்பைக் கொண்டு, வேண்டாத பகுதிகளைக் கறுப்புத் தூரிகையால் மறைத்தும் வேண்டுவனவற்றை வெள்ளைத் தூரிகையால் வெளிப்படுத்தியும் பொருத்துவது பிரிமொழி. பெரும்பாலும் நமக்கு வாய்ப்பது பின்னதே. இழுக்கில்லை, ஆயின் மறைப்பு மிகுந்து, இரண்டாம் படம் தன் முழுமையை இழந்து வெறும் ஒட்டாக நின்றுவிடுமாயின் அது சிலேடையன்று.

விழாவுக்குரிய பயிற்சிக்கு வருவோம். ஒரு பழைய மாணவர் வீட்டில் 1950களில் எடுத்த கல்லூரிப் படம் ஒன்று இருக்கின்றது. வராந்தாவின் முன்னே மாணவர் நிற்கின்றனர். அதே இடத்தை இன்று எடுத்து அதனோடு கலத்தல் வேண்டும். இங்கே வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது கணினியன்று, நிற்குமிடம். பழைய படத்தின் ஒரு படியைக் கையிற் கொண்டு செல்க. அண்மையிலுள்ள தூண் ஒன்றும் தொலைவிலுள்ள கூரைமுனை ஒன்றும் பழைய படத்தில் ஒன்றையொன்று தொட்டு நின்றால், இன்றும் அவ்வாறே தொடும் இடம் வரும்வரை வலமோ இடமோ நகர்க. தொலைவிலுள்ளதோடு ஒப்பிடத் தூண் பழைய படத்திலும் பெரிதாகத் தோன்றினாற் பின்னே செல்க; சிறிதாகத் தோன்றினால் முன்னே வருக. கமராவின் உயரத்தையும் இவ்வாறே அண்மைப் பொருளின் மேல்விளிம்பு தொலைப் பொருளை எங்கே வெட்டுகின்றது எனப் பார்த்து அறியலாம். வில்லையின் உருப்பெருக்கத்தை மாற்றுவதால் நிற்குமிடத்தின் பிழை தீராது. கணினியிற் படத்தைப் பெருக்கலாம், சுருக்கலாம், சுழற்றலாம். தூணுக்குப் பின்னே மறைந்த சாளரத்தை வெளியே இழுத்தல் இயலாது. மரங்களை நம்பவேண்டா, அவை வளர்ந்திருக்கும். கற்கட்டின் மூலைகளே நம்பத்தக்கன.

நிழலையும் நோக்குக. நிழலின் சாய்வு நாழிகையைக் கூறும். வடபகுதியில் அது பருவத்தையும் கூறும். நண்பகற் சூரியன் ஆனியில் உச்சிக்கு வடக்கேயும், மார்கழியில் நன்கு தெற்கேயும் நிற்பதால், ஆனியில் வெயில்படும் வடபுறச் சுவர் மார்கழியில் நிழலில் இருக்கும். பழைய படத்தின் பருவத்திலேயே புதியதை எடுத்தல் சாலச் சிறந்தது. விழா நாள் அதற்குக் காத்திராது என்பதையும் யாம் அறிவோம்.

பழைய படத்தை 600 புள்ளிச் செறிவில் ஸ்கான் செய்து புதியதன்மேல் அடுக்குக. மேலடுக்கைப் பாதி ஊடுருவவிட்டு, மூன்று மூலைகளேனும் பொருந்துமாறு நகர்த்திச் சுழற்றி அளவிடுக. பின்னர்க் கலப்பு முறையைத் தெரிதல். வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் அணிந்த மாணவர் வராந்தாவின் இருளுக்கு முன்னே நின்றால் லைற்றன் நன்கு பயன்படும். இருள் மறைந்து, இன்றைய வராந்தாவிலே அவர்கள் வெண்மையாய் எழுந்து நிற்பர். முகங்கள் மட்டும் சிறிது மங்கும். அவர்களே சுண்ணாம்பு பூசிய சுவருக்கு முன்னே நின்றால் லைற்றன் கெடுக்கும், பெருக்கலை நாடவேண்டும். அதில் வெள்ளைச் சுவர் ஒழியும், கரிய தலைமயிரும் முகமும் தங்கும். ஆயின் சட்டைகளும் சுவரோடு ஒழிந்துபோக, தலைகள் மட்டும் மிதப்பதுபோல் ஒரு கோரம் நேரலாம். அப்பொழுது சட்டையிருக்கும் இடத்துக்கு மட்டும் மறைப்போடு கூடிய வேறொரு சாதாரண அடுக்கைச் சேர்த்தல் வேண்டும். எல்லாப் படத்துக்கும் ஒரே முறையைச் சொல்லித் தருவாரை நம்பாதீர்.

இறுதியாக, முன்னர்க் கூறிய வரம்பு. அமெரிக்காவில் வில்லியம் மம்லர் என்பவர் 1860களில் ‘ஆவிப் படங்கள்’ எடுத்து விற்றார். அந்நாட்டு உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்த காலம்; மகனை இழந்தோரும் கணவனை இழந்தோரும் எண்ணற்றோர். படத்துக்கு அமர்ந்தவரின் பின்னே, இறந்தவரின் மங்கலான உருவம் நிற்பதாக அவர் காட்டினார். 1869இல் நியூயோர்க்கிலே வழக்கு நடந்தது. போதிய சான்றில்லை என விடுவிக்கப்பட்டார். கொலையுண்ட ஆபிரகாம் லிங்கனின் மனைவியாரும் பின்னர் அவரிடம் படமெடுத்தார். லிங்கன் அவர் தோளிற் கைவைத்து நிற்பதாக அப்படம் காட்டுகின்றது. ஒன்றன்மேல் ஒன்றாக இரு படங்களைப் பதித்தல் குற்றமன்று. இரண்டெனக் கூறாது ஒன்றென விற்றதே குற்றம்.

நம்மவர்க்கு இது தொலைதூரத்துக் கதையன்று. குழுப்படம் எடுத்த நாளில் வராதவரின் படத்தை மேல் மூலையிலே வட்டமாக இட்டு, அவர் சமுகமளிக்காமையைக் கீழே அச்சிடுவது நம் பழைய சஞ்சிகைகளின் மரபு. அழகு குறைந்த முறையாயினும் நேர்மையானது. இன்று அவரை இரண்டாம் வரிசையிற் பிறரோடு தோளுரச நிறுத்தி, நிழலும் சேர்த்துவிடலாம். ஐம்பது ஆண்டுகள் கழித்து அப்படத்தைக் காண்பவர், அன்று அவர் அங்கே இருந்தார் என்றே கொள்வர். ஊடுருவித் தோன்றும் கலப்பிலே இவ்விடர் இல்லை. தூணின் கோடு உடலினூடே தெரியும்பொழுது, இது இருகாலம் என்பதைக் குழந்தையும் அறியும். ஆதலின் விழாப் படங்களில் ஊடுருவலை முற்றும் ஒழித்துவிடவேண்டா என மாணவரை வேண்டுகின்றோம்.

அதனினும் நுண்ணிய இடர் ஒன்று இப்பொழுது வந்துள்ளது. 1995ஆம் ஆண்டு இடப்பெயர்விலே படத்தொகுப்புகளை வீட்டிலே விட்டுச் சென்றோர் பலர். அவ்வாறான குடும்பமொன்றுக்கு, மறைந்த தந்தையின் இளமை முகம், கல்லூரிக் குழுப்படத்தில் நெல்மணியளவு முகமாக மட்டுமே எஞ்சியிருத்தல் கூடும். அதனைத் தெளிவாக்கித் தருமாறு அவர்கள் நம் மாணவரிடம் கேட்பர். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நொடியிற் கூரிய கண்ணும் புருவமும் பல்லும் வரைந்து தரும். அவை அத்தட்டிற் பதிந்த ஒளியிலிருந்து வந்தனவல்ல. கருவி முன்னர்ப் பயின்ற பிறர் முகங்களிலிருந்து ஊகித்தவை. அம்முகம் அவர் முகமன்று. பல ஆண்டுகளின்பின் தந்தையைக் காண்பவர் அதனை அறியமாட்டார். அந்நியமான அம்முகமே நாளடைவில் அவர் நினைவில் தந்தையாக அமைந்துவிடும்.

செய்யத்தக்கது வேறு. ஒரே குழுப்படத்தின் வெவ்வேறு படிகள் பல வீடுகளில் இருத்தல் கூடும். ஒன்றிலே கறையுற்ற இடம் மற்றொன்றிலே தெளிவாக இருக்கும். நான்கு படிகளை ஸ்கான் செய்து, அந்த முகத்தில் அவற்றைப் பொருத்தி, 100, 50, 33, 25 என அடுக்கிச் சமமாகக் கலந்தால், ஒவ்வொரு தாளுக்கும் உரிய கீறலும் பூஞ்சணமும் காற்பங்காக மங்க, நான்குக்கும் பொதுவானது தங்கும். கால்ற்றனின் முறையே இது. அவர் எண்மரின் முகத்தைக் கூட்டினார், நாம் ஒருவரின் முகத்தையே நான்குமுறை கூட்டுகின்றோம். வருவது கூரிய முகமாக இராது. ஆயின் அதிலுள்ள ஒவ்வொரு மங்கலும் அவர் முகத்திற் பட்டுத் திரும்பிய ஒளியாகும்.

எனவே வெளிநாட்டிலும் உள்நாட்டிலும் வாழும் பழைய மாணவர், தம்மிடமுள்ள குழுப்படங்களை, மற்றொருவரிடமும் அதே படம் உண்டு என்று கருதி ஒதுக்காது, ஸ்கான் செய்து கல்லூரி நூலகத்துக்கு அனுப்புதல் பெரும் உதவியாகும். ஸ்கான் செய்வோர் படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து, கண்ணாடியின்றி, பின்புறத்தையும் சேர்த்துப் பதிவுசெய்க. பெயர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மாணவர் அம்மூலக் கோப்பில் எதனையும் மாற்றாது வேறாகப் பேணி, அடுக்குகள் பிரிந்திருக்கும் வேலைக்கோப்பை மற்றொன்றாக வைத்துக்கொள்வாராக. அச்சிட்ட கலப்புப் படத்தின் பின்னே, எந்த ஆண்டுப் படங்கள், எத்தனை, யார் கலந்தார் என்பவற்றை மென்மையான பென்சிலால் எழுதுக. மையெழுத்து நாளடைவில் முன்புறத்துக்கு ஊறும்.